பாய்காட் என்னும் சொல்

நம் மாணவர்கள் நாள்தோறும் எளிதாக வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'பாய்காட்' என்பது. விடுதியில் உணவு நன்றாக இல்லையென்றால், "இன்று உணவைப் பாய்காட் செய்கிறோம்" என்கிறார்கள். ஒரு கூட்டத்திற்குப் போக விருப்பமில்லையென்றால், அதையும் பாய்காட் செய்துவிடுகிறார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் ஒரு கூட்டத் தொடருக்கு வர மறுத்தாலும், ஒரு நாடு மற்றொரு நாட்டில் நடைபெறும் விளையாட்டு விழாவிற்குத் தன் வீரர்களை அனுப்ப மறுத்தாலும், செய்தித்தாள்கள் இச்சொல்லையே எடுத்தாளுகின்றன.

இச்சொல்லைப் பிரித்துப் பொருள் காண முயன்ற மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, 'பாய்' என்றால் சிறுவன், 'காட்' என்றால் கட்டில். சிறுவனுக்கும் கட்டிலுக்கும் புறக்கணிப்புக்கும் என்ன உறவு?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் இச்சொல்லைப் பிரிக்க முடியாது. ஏனெனில் இது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

மனிதர் பெயர் சொல்லாகி வழங்குவது புதிதன்று. மின்திறனை அளக்கும் 'வாட்' என்னும் அலகு ஜேம்ஸ் வாட் என்னும் அறிஞரின் பெயர். டீசல் எஞ்சின் அதனைப் படைத்த ருடால்ஃப் டீசலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவர்களெல்லாம் தாம் செய்த செயலால் பெயர் பெற்றவர்கள். பாய்காட் என்பவரோ, பிறர் தமக்குச் செய்த செயலால் அகராதியில் இடம் பெற்றவர். அவர் பெயர் எவ்வாறு வினைச்சொல் ஆயிற்று, அவ்வினை பின்னர் எங்கெங்கே சென்றது, யார் கையில் எவ்வாறு ஆயிற்று என்பதை இன்று காண்போம்.

கதை நிகழ்ந்த நாடு அயர்லாந்து. 1880 ஆம் ஆண்டில் அந்நாடு முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. நிலத்தை உழுதவர் ஒருவர், உடையவர் மற்றொருவர். பெருநிலக்கிழார் பலர் தம் நிலத்தைக் கண்ணாலும் காணாமல் இங்கிலாந்திலோ, டப்ளின் நகரத்திலோ வாழ்ந்தனர். அவர்கள் சார்பில் குத்தகை வாங்கவும், கொடாதவரை வெளியேற்றவும் ஊர்தோறும் காரியஸ்தர்கள் இருந்தனர். குடியானவர்களிற் பெரும்பாலோர்க்கு நிலத்தில் நிலையான உரிமை இல்லை. ஒருவன் பாடுபட்டு நிலத்தைத் திருத்தினால், திருந்திய நிலத்திற்குக் குத்தகை உயர்ந்தது. குத்தகை கொடுக்க இயலாதபோது, அவன் தன் கையாற் கட்டிய குடிசையிலிருந்தே வெளியேற்றப்பட்டான்.

1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்களைக் கொன்றது. அதற்கு மேற்பட்டோரைக் கடல் கடந்து ஓடச் செய்தது. அப்பஞ்சத்தின் இடையே, 1846 இல், மேயோ மாவட்டத்தில் பிறந்தவர் மைக்கேல் டேவிட். அவர் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் குத்தகை செலுத்த இயலாது வீட்டை இழந்து இங்கிலாந்து சென்றது. அங்கே பஞ்சாலையில் வேலை செய்த அச்சிறுவன், 11 ஆம் வயதில் இயந்திரத்திற் சிக்கி வலக்கையை இழந்தான். அந்த ஒற்றைக் கையர்தாம் 1879 அக்டோபரில் அயர்லாந்து நிலச் சங்கம் தோன்றுவதற்கு முதற் காரணமாயிருந்தவர். சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவரானார். நியாயமான குத்தகை வேண்டும். குத்தகை செலுத்தும் வரை வெளியேற்றலாகாது. நிலத்தில் தனக்குள்ள உரிமையை விற்கும் உரிமை குடியானவனுக்கு வேண்டும்: இம்மூன்றுமே அவர்கள் கேட்டவை.

இப்போது நம் காப்டனிடம் வருவோம். சார்லஸ் கன்னிங்காம் பாய்காட் 1832 இல் இங்கிலாந்தின் நார்போக் பகுதியிற் பிறந்தவர். சில காலமே இராணுவத்தில் இருந்தவராயினும், 'காப்டன்' என்னும் பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவிற்குச் சொந்தமான நிலங்களுக்கு அவர் காரியஸ்தராக இருந்தார். தாமும் அங்கே குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தார். அவரைக் கொடுங்கோலர் என்று சொல்வதற்கில்லை. சட்டம் தமக்குக் கொடுத்த உரிமையைச் சிறிதும் விட்டுக்கொடாதவர். பிறர் துன்பம் தமக்குத் தொடர்பில்லாதது என்று இருந்தவர். அத்தகைய மனிதர் எந்நாட்டிலும் உண்டு.

1877 முதல் தொடர்ந்து விளைச்சல் குறைந்தது. 1879 இல் மேற்கு அயர்லாந்து மீண்டும் பஞ்சத்தின் வாயிலில் நின்றது. எர்ன் பிரபு குத்தகையில் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். குடியானவர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து கேட்டார்கள். பிரபு இசையவில்லை. கொடாதவர்களை வெளியேற்றும் பொறுப்பு காப்டனுக்கு வந்தது.

அந்நிலையில், 1880 செப்டம்பர் 19 ஆம் நாள், என்னிஸ் என்னும் ஊரில் பெருங்கூட்டமொன்றில் பார்னெல் பேசினார். வெளியேற்றப்பட்ட அயலானின் நிலத்தை ஆசையால் ஒருவன் குத்தகைக்கு எடுத்தால், அவனை என்ன செய்வது என்று மக்களையே கேட்டார். கூட்டத்திலிருந்து, "சுட்டுத் தள்ளுக!" என்ற குரல் எழுந்தது. அயர்லாந்தில் அது வெறும் பேச்சன்று. நிலத் தகராறுகளில் துப்பாக்கி பேசிய காலம் அது. பார்னெல் அக்குரலை மறுத்தார். அதனினும் நல்ல வழி ஒன்று உண்டு என்றார். தெருவிற் கண்டால் அவனோடு பேச வேண்டா. கடையிலும் சந்தையிலும் அவனோடு கொள்வினை கொடுப்பினை வேண்டா. தேவாலயத்திலும் அவனைத் தனியே விட்டுவிடுங்கள். பழங்காலத்துத் தொழுநோயாளனைப் போல் அவன் ஒதுங்கி நிற்கட்டும் என்று அறிவுரை கூறினார். இந்த ஒப்புமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

மூன்று நாள் கழிந்தது. செப்டம்பர் 22 இல், வெளியேற்ற அறிவிப்புகளைக் கொடுப்பதற்காக நீதிமன்றச் சேவகர் ஒருவர் போலீசாரின் துணையோடு மாஸ்க் ஏரிக் குடியிருப்புகளுக்கு வந்தார். ஆடவர்கள் அல்லர், பெண்களே திரண்டு வந்து, சேற்றையும் கல்லையும் எறிந்து அவரை விரட்டினார்கள். சேவகர் ஓடிக் காப்டன் வீட்டில் ஒளிந்தார். அடுத்த நாள் ஊரார் கூடிக் காப்டனின் பண்ணைக்கு வந்தனர். வயலில் நின்ற கூலியாட்கள் வேலையை விட்டனர். வீட்டு வேலையாட்களும் சென்றனர்.

அன்று முதல் அந்தப் பெரிய வீட்டைச் சுற்றி அமைதி சூழ்ந்தது. குதிரைக்கு இலாடம் அடிக்கக் கொல்லர் வரவில்லை. துணி வெளுக்க யாரும் வரவில்லை. அஞ்சல் கொண்டு வருவதும் அரிதாயிற்று. அண்டையிலிருந்த பாலின்ரோப் ஊர்க் கடைக்காரர்கள் ரொட்டியும் பொருளும் விற்க மறுத்தனர். தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. காப்டனும் அவர் மனைவியும் உறவினர் சிலரும் தாமே மாடு கன்றுகளைப் பார்த்துக்கொண்டனர். மண்ணுக்குள் கிழங்கு முற்றி அழுகும் நிலையில் இருந்தது. அறுவடை செய்ய ஓர் ஆளும் கிடைக்கவில்லை. கடைக்காரர் எல்லோரும் மனமுவந்து மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஊரார்க்கு அஞ்சி மறுத்தவர்களும் உண்டு. இதனையும் மறைக்காமற் சொல்வதே வரலாற்றுக்கு அழகு.

இச்செயலுக்குப் பெயர் வேண்டுமன்றோ? பெயர் பிறந்த கதையை ஜேம்ஸ் ரெட்பாத் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதி வைத்திருக்கிறார். அவர் அவ்வூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது ஏதோ சிந்தனையில் ஆழ்ந்தார். என்ன என்று பாதிரியார் கேட்டார். "இவ்வாறு ஊரார் கூடி ஒருவரை ஒதுக்குவதை 'ஆஸ்ட்ரஸைஸ்' என்று ஆங்கிலத்திற் சொல்லலாம். ஆனால் அச்சொல் குடியானவர்களுக்கு விளங்காதே!" என்றார் ரெட்பாத். விளங்காதுதான் என்று ஒத்துக்கொண்ட பாதிரியார், தம் நெற்றியைத் தட்டிச் சற்றே எண்ணிவிட்டு, "அவரைப் 'பாய்காட்' செய்வது என்றே சொன்னால் என்ன?" என்றாராம்.

பாதிரியார் தள்ளிய அந்தப் பழஞ்சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 'ஆஸ்ட்ரகான்' என்பது கிரேக்க மொழியில் பானை ஓட்டைக் குறிக்கும். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரத்துக் குடிமக்கள், அளவுக்கு மீறி வலிமை பெற்ற ஒருவரை நாட்டை விட்டு அகற்ற எண்ணினால், உடைந்த ஓட்டில் அவர் பெயரைக் கீறி இடுவார்கள். 6,000 ஓடுகள் சேர்ந்து, அவற்றுள் யார் பெயர் மிகுந்ததோ அவர் பத்து ஆண்டுகள் நகரத்தை விட்டு நீங்க வேண்டும். அவருடைய சொத்து பறிபோகாது. காலம் கழிந்ததும் திரும்பி வரலாம். நகரத்தின் பெரியவர்களைக் கட்டுப்படுத்த எளியவர்கள் கண்ட முறை அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலான அச்சொல் மேயோ மாவட்டத்துக் குடியானவர் நாவில் நுழையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நுழைந்தது.

சொல்லை உலகெங்கும் பரப்பியவர் யார் தெரியுமா? பாய்காட் துரையேதான்! தமக்கு நேர்ந்த துன்பத்தை அவர் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். 1880 அக்டோபரில் அது வெளிவந்தது. உடனே பத்திரிகையாளர்கள் மாஸ்க் ஏரிக்கு விரைந்தனர். காப்டனின் விளைச்சலைக் காப்பதே ஆங்கிலேயரின் மானத்தைக் காப்பது போல் ஆயிற்று. நவம்பரில், பிரிட்டிஷ் ஆட்சியிடம் பற்றுமிக்க வடபகுதியின் காவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து 50 பேர் அறுவடை செய்யப் புறப்பட்டனர். அவர்களைக் காக்க ஏறத்தாழ 1,000 படைவீரர்களும் போலீசாரும் வந்தனர். இரயில் நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிச் செல்ல அவ்வூரில் வண்டி கிடைக்கவில்லை. கொட்டும் மழையில் நடந்தே சென்றனர். ஊரார் அமைதியாயிருக்க வேண்டும் என்று ஓமாலி பாதிரியார் அறிவுறுத்தியிருந்தார். பெருங்கலகம் எதுவும் நேரவில்லை.

இரண்டு வாரம் அறுவடை நடந்தது. ஏறக்குறைய 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலைக் காப்பதற்கு 10,000 பவுன் வரை செலவாயிற்று என்று கணக்கிட்டார்கள். ஒரு டர்னிப் கிழங்கைப் பிடுங்க அரசாங்கத்திற்கு ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் எள்ளி நகையாடினார். வேலை முடிந்து படை திரும்பியபோது காப்டனும் குடும்பத்தோடு ஊரை விட்டார். அவரை ஏற்றிச் செல்ல வண்டியோட்ட ஒருவரும் முன்வராமையால், இராணுவத்தின் மருத்துவ வண்டியிலேயே சென்றார். 1880 டிசம்பர் முதல் நாள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பின்னர் அவர் திரும்பி வந்து சில ஆண்டுகள் அங்கே இருந்ததும், 1886 இல் அவ்விடத்தை நீங்கியதும், 1897 இல் இங்கிலாந்திற் காலமானதும் யாரும் பெரிதாகக் கவனியாத செய்திகள். அதற்குள் அவர் பெயர் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ருசிய மொழிகளிலும் வினைச்சொல்லாகிவிட்டது.

குடியானவர்களுக்குப் பயன் கிடைத்ததா? கிடைத்தது. 1881 இல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டு வந்த நிலச் சட்டம், குத்தகையை முடிவு செய்ய நீதிமன்றம் அமைத்தது; சங்கம் கேட்ட மூன்று உரிமைகளுக்கும் சட்டத்தில் இடம் தந்தது. 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியானவர் பலர் நிலத்தை விலைக்கு வாங்கித் தாமே உடையவராயினர். துப்பாக்கியால் ஆகாதது கைகட்டி நின்றதால் ஆயிற்று.

செயல் பழையது, பெயர்தான் புதிது. 1791 இல், அடிமை வாணிகத்தை ஒழிக்கும் மசோதாவைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தள்ளியபோது, அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று இங்கிலாந்தில் இலட்சக்கணக்கான மக்கள் உறுதி பூண்டனர். வாக்குரிமை இல்லாத பெண்களுக்கும் தேநீர்க் கோப்பை ஒரு வாக்குச் சீட்டாயிற்று. அவர்கள் செய்ததற்கு அப்போது தனிப்பெயர் இல்லை. பெயர் பிறந்த பின்னர், சிதறிக் கிடந்த அத்தகைய செயல்களெல்லாம் ஒரே முறை என்பது உலகிற்கு விளங்கியது. நல்ல சொல் ஒன்று பிறந்தால், கருவிக்குக் கைப்பிடி போட்டது போலாகிறது; அதனை எவரும் எடுக்கலாம்.

அவ்வாறு எடுத்தவர்களுள் நம் நாட்டாரும் உண்டு. கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரிக்க முற்பட்டபோது, 1905 ஆகஸ்டு 7 ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்திற் கூடிய பெருங்கூட்டம், பிரிட்டிஷ் பொருள்களை வாங்குவதில்லை என்று தீர்மானித்தது. அயர்லாந்துச் சொல் இந்திய அரசியலில் நுழைந்தது. அதனை நம் மொழிகளிற் பெயர்த்தவர்கள் 'பகிஷ்காரம்' என்றனர். வடமொழியில் 'பகிஸ்' என்றால் வெளி; 'காரம்' என்றால் செய்தல். வெளியே ஆக்குதல் என்பது பொருள். தமிழில் இன்று 'புறக்கணிப்பு' என்கிறோம். அதிலும் 'புறம்' இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் ஒரு மனிதர் பெயர் இருக்க, நம் சொற்களிலோ உள்ளே, வெளியே என்ற ஒரு கோடு இருக்கிறது.

தமிழ்நாட்டில் இம்முறை மேயோவைப் போலவே நிகழ்ந்த இடம் தூத்துக்குடி. 1906 இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908 இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலை நிறுத்தத்திற்குத் துணை நின்றார். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. மக்கள் இயக்கத்தை எதிர்த்த வழக்கறிஞர் ஒருவர்க்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், செய்தி அறிந்ததும் பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டார் என்று அக்கால நிகழ்ச்சிகளை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். தொழிலாளர் கூலி உயர்வு பெற்றனர்.

இதுவரை கேட்டவர்கள், பாய்காட் என்பது எளியவரின் படைக்கலம் என்று மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் வரலாறு இங்கே நிற்கவில்லை. நாவிதர் வரமாட்டார், சலவை செய்ய ஆள் வராது, கடையிற் பொருள் கிடையாது, யாரும் பேசலாகாது: இந்தப் பட்டியலை வேறெங்கோ கேட்டதில்லையா? நம் சிற்றூர்களில் 'ஊர் விலக்கு' என்றும், 'தள்ளி வைத்தல்' என்றும் வழங்கியது இதுதானே? பாய்காட் துரை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவருக்கு இரண்டு மாதத்திற்குச் சற்று மேல் நேர்ந்தது, நம் நாட்டில் பல இலட்சம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நேர்ந்து வந்தது.

இதனைச் சொல்லாலேயே சுட்டிக் காட்டியவர் டாக்டர் அம்பேத்கர். 1924 இல் பம்பாயில் அவர் நிறுவிய சங்கத்தின் பெயர் 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை'. 1927 இல் தொடங்கிய இதழின் பெயர் 'பகிஷ்கிருத பாரத்'. பகிஷ்கிருதர் என்றால் வெளியே ஆக்கப்பட்டவர். அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று நாடெங்கும் முழங்கிய அதே காலத்தில், பகிஷ்கரிக்கப்பட்ட மக்களின் இந்தியா ஒன்று உண்டு என்பதை அதே வேர்ச்சொல்லால் அவர் உணர்த்தினார்.

பம்பாய் அரசாங்கம் 1928 இல் ஒரு குழுவை அமைத்தது. அம்பேத்கரும் அதில் உறுப்பினர். தாழ்த்தப்பட்ட மக்கள் தம் உரிமையைக் கேட்கத் தொடங்கினால், ஊரின் ஆதிக்கத்தினர் கையாளும் வலிய கருவி சமூகப் பகிஷ்காரமே என்று 1930 இல் அக்குழு எழுதியது. குத்தகை நிலம் பறிக்கப்படும். கூலி வேலை நிற்கும். கடைக்காரர் பொருள் விற்கமாட்டார். வழியும் கிணறும் அடைக்கப்படும். எதற்காக? நல்ல உடை உடுத்ததற்காக, நிலம் வாங்கியதற்காக, மணமகனைக் குதிரைமேல் ஏற்றிப் பொதுத் தெருவிற் சென்றதற்காக.

அவ்வாண்டின் இறுதியில் லண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இருவர் சென்றிருந்தனர்: ஒருவர் அம்பேத்கர், மற்றவர் நம் தமிழ்நாட்டு இரட்டைமலை சீனிவாசன். இருவரும் கையொப்பமிட்டு அளித்த பாதுகாப்புத் திட்டத்தில், பகிஷ்கரித்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கேட்டனர். எது பகிஷ்காரம் என்பதற்கு, பர்மாவில் 1922 இல் இயற்றப்பட்ட பகிஷ்காரத் தடைச் சட்டத்தை ஒட்டி இலக்கணமும் வகுத்துத் தந்தனர். மேயோ மாவட்டத்தில் எளியவர் தம்மைக் காக்க அச்சொல்லைப் படைத்தது 1880 இல். அதே செயலினின்று தம்மைக் காக்கும்படி வேறோர் எளிய மக்கள் லண்டனிற் சென்று கேட்டது 1930 இல். இடையே கழிந்தது சரியாக 50 ஆண்டு.

பிற நாடுகளிலும் இச்சொல் இவ்வாறு திரும்பியது. 1933 ஏப்ரல் முதல் நாள், ஹிட்லரின் ஆட்சியினர் யூதர்களின் கடைகளைப் பாய்காட் செய்யும்படி ஜெர்மானிய மக்களுக்குக் கட்டளையிட்டு, கடை வாயில்களில் சீருடையணிந்த தம் ஆட்களை நிறுத்தினர். ஆயுதம் தாங்கிய அரசாங்கமே சிறுபான்மையினரை ஒதுக்கியதற்கும் அதே பெயர்தான்.

இந்த இருமுகத்தைக் கண்டு மனம் கலங்கியவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். 1955 டிசம்பரில், மான்ட்காமரி நகரத்துப் பேருந்தில் வெள்ளையர்க்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்னும் பெண்மணி கைது செய்யப்பட்டார். கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதில்லை என முடிவு செய்தனர். பயணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அவர்களே. 381 நாள் அவர்கள் நடந்தும், ஒருவர் காரில் மற்றவர் இடம் பெற்றும் சென்றனர். நீதிமன்றம் பேருந்துகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்றது. அவ்வியக்கத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங். போராட்டம் தொடங்குமுன் ஓர் ஐயம் தம்மை வாட்டியதாகப் பின்னர் அவர் எழுதினார். கறுப்பின மக்களைப் பட்டினி போட்டு அடக்க வெள்ளை வெறியர் சங்கங்கள் கையாண்டு வந்ததும் பாய்காட் தானே? அதையே நாமும் செய்வது அறமாகுமா? நெடிது எண்ணிய பின் அவர் தெளிந்தார். பேருந்துக் கம்பெனியை அழிப்பது தம் நோக்கமன்று. தீய முறைக்குத் தாம் இதுவரை அளித்து வந்த ஒத்துழைப்பைத் திரும்பப் பெறுவதே நோக்கம். ஆகவே பாய்காட் என்னும் பெயரே இதற்குப் பொருந்தாது என்று முடிவு கட்டி, அதன்பின் அச்சொல்லைப் பெரும்பாலும் வழங்காது விட்டார்.

ஒரே பெயர் தாங்கிய இரு செயல்களை எவ்வாறு பிரித்தறிவது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். செயலுக்காக ஒருவரை விலக்குவது ஒன்று. பிறப்புக்காக விலக்குவது மற்றொன்று. காப்டன் வெளியேற்ற அறிவிப்புகளைக் கிழித்தெறிந்திருந்தால், மறுநாளே கொல்லர் வந்திருப்பார். பேருந்துக் கம்பெனி இருக்கைகளைப் பொதுவாக்கினால், மக்கள் ஏறிவிடுவார்கள். உள்ளே வருவதற்கு ஒரு கதவு அங்கே திறந்திருக்கிறது. பிறப்புக்காக விலக்கப்பட்டவனுக்கு எந்தக் கதவும் இல்லை. பிறப்பை அவன் மாற்றிக்கொள்ள முடியாது. மேலும், காப்டனுக்குப் பின்னால் ஓர் அரசாங்கமும், 1,000 வீரரும், இங்கிலாந்துக்குக் கப்பலும் இருந்தன. ஊர்க் கிணறு அடைக்கப்பட்ட கூலியாளனுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

தொழுநோயாளனைப் போல் ஒதுக்குங்கள் என்று பார்னெல் சொன்ன ஒப்புமையை நினைவில் வைக்கச் சொன்னேன். தொழுநோயாளன் என்ன தவறு செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. இம்முறைக்குள் மறைந்திருந்த கொடுமை முதல் நாளிலேயே அவ்வுவமையில் வெளிப்பட்டுவிட்டது. அயர்லாந்திலும் பின்னாளில், பெரிய நிலக்கிழாரை விட்டு, கால் காணி நிலத்திற்கு ஆசைப்பட்ட ஏழைக் குடும்பங்களின்மேல் இக்கருவி இரக்கமின்றிப் பாய்ந்ததுண்டு.

நம் நாட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டைக் காலந்தாழ்ந்தேனும் உணர்ந்தது. அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது இழைக்கும் வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தில், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் ஒரு குற்றமாக 2015 இல் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2016 இல் சமூகப் புறக்கணிப்பைத் தடை செய்யத் தனிச் சட்டமே நிறைவேற்றியது. லண்டனில் இருவர் கேட்டது சட்டமாகப் பல ஆண்டு பிடித்தது. விருப்பமில்லாத பொருளை வாங்காதிருக்கும் உரிமை இன்றும் நம்மிடமே இருக்கிறது. அதை எச்சட்டமும் பறிக்கவில்லை.

மாணவ நண்பர்களே! ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒருவர் தம்மைத் தவறாக நடத்தினார் என்று கருதி, மாணவர் அனைவரும் கூடி, தங்கள் குறையைச் சொல்லி, அது தீரும்வரை ஒரு விழாவிற்குச் செல்லாமல் இருக்கலாம். அதே வகுப்பில், உடையோ பேச்சோ ஊரோ வேறாயிருப்பதனால், ஒரு மாணவனோடு ஒருவரும் பேசுவதில்லை என்று முடிவு செய்து, பகலுணவு வேளையில் அவனைத் தனியே உட்கார வைக்கலாம். இரண்டையும் பாய்காட் என்றே சொல்வீர்கள். முதலாவதைச் செய்வதற்குத் துணிவு வேண்டும். இரண்டாவதைச் செய்யத் துணிவு ஒன்றும் வேண்டியதில்லை. கூட்டம் இருந்தாற் போதும். அடுத்த முறை இச்சொல் உங்கள் நாவில் வரும்போது, நாம் செய்யப்போவது இவ்விரண்டில் எது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டாவது மாணவன் உங்கள் வகுப்பில் இருந்தால், நாளைப் பகலுணவை அவன் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணுங்கள்.